மலைக்குள் ஒரு சம்பந்தம்

ஏப்ரல் 6
ஆற்றுமுனை

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான் விரும்பி எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி உத்தரவு. வடிகால் சுரங்கத்தை மலையின் இரண்டு பக்கமிருந்தும் குடைவதால், எந்த முனை எவ்வளவு முன்னேறியது என்று வாராவாரம் இரண்டு தரப்பும் எழுதித் தெரிவித்துக்கொள்ள வேண்டுமாம். உங்கள் பக்கத்து மேஸ்திரிக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது, ஆகவே பம்பு இஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள்தான் எழுதுவீர்கள் என்று மேனேஜர் சொன்னார். சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டார். நமக்குள் பேச்சுவார்த்தை கிடையாது என்ற செய்தி ஆபீஸ் வரைக்கும் போயிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றங்கரையிலிருந்து நானூறு கஜம் உள்ளே வந்துவிட்டோம். கல் இறுகல். உளி இரண்டு நாளில் மழுங்கிவிடுகிறது. கொல்லன் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். காற்று போதவில்லை என்று ஆட்கள் சொல்கிறார்கள். துருத்தி கேட்டிருக்கிறேன்.

இரண்டு முனையும் உங்கள் மகள் போட்ட கோட்டின்படிதான் வருகின்றன. படித்து சர்வேயர் ஆனவள், தவறாது என்று கம்பெனி நம்புகிறது. நானும் நம்புகிறேன் என்றுதான் வெளியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மகள் சுகம். ஆறாம் மாதம். வேறு விசேஷமில்லை.

இப்படிக்கு,
ஆற்றுமுனை மேஸ்திரி
(சம்பந்தி என்று போட்டால் உங்களுக்குக் கோபம் வருமோ என்னவோ.)


ஏப்ரல் 14
இஞ்சின் வீடு, மலைமுனை

சம்பந்திக்கு,

கோபம் வந்தாலும் வராவிட்டாலும் சம்பந்தி சம்பந்திதான். கட்டிக் கொடுத்தாயிற்று, அவிழ்க்கவா முடியும்?

எங்கள் அளவு முன்னூற்று இருபது கஜம். குறைவென்று நினைக்காதீர்கள். நீங்கள் ஆற்று மட்டத்திலிருந்து குடைகிறீர்கள், வரும் தண்ணீர் தானாக வெளியே ஓடிவிடும். எங்கள் ஆட்கள் பெருங்குழியின் அடியில், மலையின் வயிற்றில் நின்று குடைகிறார்கள். அவர்கள் காலுக்குக் கீழே, மூழ்கிப்போன பழைய அறைகளில், தண்ணீர் காத்துக்கொண்டிருக்கிறது. என் இஞ்சின் அதை அள்ளி அள்ளி மலை உச்சிக்கு ஏற்றிக் கொட்டுகிறது. ஒரு பகல் அது நின்றால் ஆட்கள் கழுத்தளவு தண்ணீரில். என் கணவர் இருந்தவரை அவர் பார்த்த வேலை. இப்போது நான். கல் இறுகல் என்று இங்கே யாரும் புலம்பவில்லை.

இந்த மலை இதுவரை மூன்று முதலாளிகளைத் தின்றிருக்கிறது. முதலாமவர் வெள்ளிக்கு வந்தார்; மேலே கிடைத்த நல்ல கல்லையெல்லாம் எடுத்தார், ஆழம் போனதும் தண்ணீர் வந்தது, ஓடிவிட்டார். மற்ற இருவரும் ஈயத்துக்கு வந்தார்கள், குழாய்க்கும் கூரைக்கும் என்று. அவர்களையும் தண்ணீர்தான் விரட்டியது. கடைசியாக என் மாமனார் காலத்தில் இதே போல ஒரு வடிகால் குடைந்து, இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்க்காமலே தாண்டிப்போய், ஊரே சிரித்தது. இப்போது நான்காவது கம்பெனி. மழைக்காலம் முடிவதற்குள் முனைகள் சேராவிட்டால் இவர்களும் மூட்டை கட்டுவார்கள். இதை நம்பியிருப்பது நானூறு வீடு. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்ததாக எழுத வந்ததை எழுதக் கை வரவில்லை.

எழுதியே விடுகிறேன். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப் போக வந்தவளை வாசலில் நிறுத்தி, நாலு பேர் காது கேட்க, "உங்க ஊர் தண்ணியில ஈயம், காத்துல ஈயம், என் பேரப்பிள்ளைய அங்க அனுப்ப மாட்டேன்" என்றீர்கள். ஈயம் தின்ற ஊர்ப் பெண் மருமகளாக வர ஆகும், பிள்ளை பெறப் பிறந்த வீட்டுக்குப் போக ஆகாது. போகட்டும், நீங்கள் அயலார். பக்கத்தில் நின்றவள் என் மகள். "மாமா சொல்றது சரிதாம்மா" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு மலையேறித் திரும்பி வந்தேன்.

"சுகம், வேறு விசேஷமில்லை" என்று இனி எழுத வேண்டாம். எழுதினால் முழுதாக எழுதுங்கள்.

சம்பந்தி


ஏப்ரல் 27
ஆற்றுமுனை

சம்பந்தியம்மாவுக்கு,

துருத்தி வந்துவிட்டது. நானூற்று அறுபது கஜம்.

முழுதாக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன், பிறகு ஏன் எழுதினாய் என்று கேட்கக் கூடாது.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். உங்கள் ஊர் உலையில் கல்லை உருக்கி ஈயம் வடிக்கும் வேலை. வாட்டசாட்டமான ஆள், ஒரு மூட்டையை ஒரு கையால் தூக்கி வண்டியில் போடுவான். சில வருஷத்தில் ஈறெல்லாம் நீலம் பாய்ந்தது. வயிற்றுவலி என்று சுருண்டுகொள்வான். கடைசியில் இரண்டு மணிக்கட்டும் தொங்கிப்போய், தண்ணீர்த் தம்ளரைத் தூக்க அண்ணி வேண்டியிருந்தது. அவனுக்குப் பிள்ளைகள் தங்கவே இல்லை. அண்ணி எத்தனை முறை சுமந்தாள் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

என் மருமகள் கர்ப்பம் என்று மகன் வந்து சொன்ன அன்றைக்கு எனக்கு அண்ணி முகம்தான் ஞாபகம் வந்தது. நான் சொன்ன இடம் தப்பு. வாசலில் வைத்துச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னது தப்பில்லை.

இப்போது உங்கள் மகள் விஷயம். காலையில் எழுந்ததும் விளக்கை எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் வந்துவிடுகிறாள், கூரையில் அடித்த ஆணிகளில் நூலில் கட்டிய தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுக் கோடு சரியா என்று பார்க்க. இந்த வயிற்றோடு வேண்டாம் என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள், மகன் சொல்லிப் பார்த்தான். நான் சொன்னதற்கு, "நான் வரலைன்னா நீங்க கோடு பார்ப்பீங்களா மாமா?" என்று கேட்டாள். உங்கள் வயிற்றில் பிறந்தவள் என்பதற்கு யாரும் சான்று தர வேண்டியதில்லை.

கால் லேசாக வீங்குகிறது. மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறாள்.

இப்படிக்கு,
சம்பந்தி


மே 19
இஞ்சின் வீடு

சம்பந்திக்கு,

கடந்த சில சீட்டுகளில் அளவை மட்டும் எழுதி அனுப்பினேன். உங்கள் அண்ணனைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்த மனிதரை எனக்குத் தெரியும். உலை வாசலில் உட்கார்ந்து எல்லோரையும் கேலி செய்துகொண்டிருப்பார். அவர் உங்கள் அண்ணன் என்று தெரியாது. உலைக்குப் பக்கத்து வீடுகளில் கோழி வளர்த்தால் நிலைக்காது. இது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததை அடுத்தவர் வாயால் கேட்பதுதான் வலித்தது.

கால் வீங்கினால் தலையணை வைத்து உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள். நெடுநேரம் நிற்க வேண்டாம். நம் கடிதங்களைக் கணவாய் வழியே கொண்டுவரும் கழுதைக்காரரிடம் ஒரு மூட்டை கொடுத்திருக்கிறேன். பழைய மெல்லிய துணி, குழந்தைக்கு. உலைப் புகை படாமல் பெட்டிக்குள் வைத்திருந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் போனதும் ஆற்றுத் தண்ணீரில் இன்னொரு முறை அலசிவிடுங்கள்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். நேற்று இஞ்சினை என் தம்பியிடம் விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். எல்லோரையும் சம்மட்டியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, கல்லில் காது வைத்தேன். உங்கள் ஆட்கள் அடிக்கும் சத்தம் கேட்டது. மலைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. எங்கள் ஆட்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் மறுபடி காது வைத்தேன். சத்தம் நேர் எதிரில் இல்லை. இடது கைப்பக்கம், நன்றாகத் தள்ளி.

உங்கள் பக்கம் எப்படி என்று உடனே எழுதுங்கள்.

சம்பந்தி


ஜூன் 2
ஆற்றுமுனை

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே நாங்களும் காது வைத்தோம். எங்களுக்கும் இடது கைப்பக்கம்தான். என் வலது கை போன்ற மூத்த ஆள், முப்பது வருஷம் கல்லோடு கிடந்தவர், அவரும் இடது என்கிறார். நீங்களும் நாங்களும் எதிரெதிராக நிற்பவர்கள். இருவருக்கும் இடப்பக்கம் என்றால் என்ன அர்த்தம்? இரண்டு சுரங்கமும் பக்கத்துப் பக்கத்துத் தெரு மாதிரி விலகிப் போய்க்கொண்டிருக்கின்றன.

உங்கள் மகள் போட்ட கோடு. நான் எதுவும் சொல்லவில்லை.

எதுவும் சொல்லவில்லை என்பது பொய். நேற்று சுரங்க வாசலில் அவளுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். இடது பக்கம் திருப்பப் போகிறேன் என்றேன். ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள், அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"காது பொய் சொல்லும் மாமா. குண்டு பொய் சொல்லாது."

முப்பது பேர் காதும் பொய்யா என்று கேட்டேன். "முந்நூறு பேர் காதானாலும்" என்றாள். அப்புறம் வீட்டுக்குப் போய் எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட்டாள். மாலையில் கொண்டுவந்து காட்டினாள். எனக்கு அதில் பாதி புரியவில்லை. ஆனால் அவள் கண் சிவந்திருந்தது. அழுதாளா, தூங்கவில்லையா, கேட்கவில்லை.

மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இரண்டு முனையும் ஒத்துக்கொண்டால் திருப்பலாம், ஒரு முனை மாட்டேன் என்றால் கோடு கோடுதான். ஆகவே நீங்களும் இடது பக்கம் திருப்பச் சம்மதித்தால் திங்கட்கிழமை வேலையை மாற்றிவிடலாம். மழைக்காலம் முடிவதற்குள் சேர வேண்டும். யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூன் 8
இஞ்சின் வீடு

சம்பந்திக்கு,

திருப்பாதீர்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது திருப்பலாம் என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் மேஸ்திரி சுண்ணாம்பால் சுவரில் அடையாளம்கூடப் போட்டுவிட்டார். அப்போதுதான், என் மாமனார் காலத்து வடிகால் முனைகள் ஏன் தாண்டிப்போயின என்று ஒரு கேள்வி வந்தது. தண்ணீரால் கெட்டது என்பார்கள், துரதிர்ஷ்டம் என்பார்கள், யாரும் சரியாகச் சொன்னதில்லை. எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது, அது இதே குழியில் நமக்கு மேலேதானே இருக்கிறது?

மேஸ்திரியும் நானும் விளக்கோடு உள்ளே போனோம். பாதி வழி நிமிர்ந்து, மீதி வழி தவழ்ந்து. என் வயதுக்கு இது தேவைதான். நூல் பிடித்தது போல நேராகப் போகிறது, போகிறது, அப்புறம் வளைகிறது. இடது பக்கம். வளைந்து, இன்னும் வளைந்து, மொட்டைச் சுவரில் முடிகிறது.

கேட்டுத்தான் திருப்பியிருக்கிறார்கள், சம்பந்தி. நம்மைப் போலவே காது வைத்து, நம்மைப் போலவே இடது என்று முடிவு செய்து.

எங்கள் மேஸ்திரி அந்தச் சுவரை விளக்கால் துழாவிப் பார்த்தார். பிறகு காரணம் சொன்னார். ஈயக்கல் ஓடும் நரம்பு மலைக்குள் குறுக்காகச் சாய்ந்து கிடக்கிறது. சத்தம் நேராக வராமல் அதைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருகிறது. எந்தப் பக்கம் நின்று கேட்டாலும் இடது காதுக்குத்தான் வரும்.

நம்பாவிட்டால் நீங்களே போய்ப் பாருங்கள். பழைய வடிகாலின் உங்கள் பக்கத்து வாசல் ஆற்றுக்கு மேலே புதருக்குள் இருக்க வேண்டும். அது எந்தக் கைப்பக்கம் வளைகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவும் இடது என்றால், அவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மலைமுனை சம்மதிக்கவில்லை என்று மேனேஜருக்குத் தனியாக எழுதிவிட்டேன். உங்கள் மருமகள் போட்ட கோட்டை விட்டு ஒரு விரற்கடை நகர மாட்டோம்.

அவளைத் தூங்கச் சொல்லுங்கள்.

சம்பந்தி


ஜூன் 15
ஆற்றுமுனை

சம்பந்தியம்மாவுக்கு,

போய்ப் பார்த்தோம். புதரை வெட்டி உள்ளே நுழைய அரை நாள் ஆயிற்று. இடதுதான்.

வெளியே வந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். என் மூத்த ஆள் சொன்னார்: "நம்ம அப்பாமாரெல்லாம் கெட்டிக்காரங்கதான். காதை ரொம்ப நம்பிட்டாங்க." அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலை கோட்டின்படி நேராக வெடி வைத்தோம்.

உங்கள் கடிதத்தை மருமகளிடம் கொடுத்தேன். நின்றபடி ஒரு முறை, உட்கார்ந்து ஒரு முறை படித்தாள். "அம்மா தவழ்ந்து போனாங்களா?" என்று மட்டும் கேட்டாள். இனி அவள் உள்ளே வர வேண்டாம், குண்டு தொங்கவிட என் மகன் கற்றுக்கொண்டுவிட்டான். கீழே அவளே ஏதோ எழுத வேண்டும் என்கிறாள், இடம் விடுகிறேன்.

மழை ஆரம்பித்துவிட்டது.

சம்பந்தி

அம்மா, துணி வந்தது. அலசி வைத்தேன். அன்றைக்கு வாசலில் நான் சொன்னது மாமாவுக்காக இல்லை, எனக்குப் பயமாக இருந்தது. உன்னை விட்டுக்கொடுத்துப் பேசவில்லை. தூங்குகிறேன்.


ஜூலை 9
மலைமுனை

சம்பந்திக்கு,

இதைப் படித்ததும் வெடி வைப்பதை நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு படியுங்கள்.

பாய்லர் பிளந்துவிட்டது. காலையில் நீராவி இறங்குவதைப் பார்த்தேன், என்ன கரி போட்டும் ஏறவில்லை. சங்கு ஊதச் சொல்லி எல்லோரையும் மேலே ஏற்றினேன். கடைசி ஆள் ஏணியில் கால் வைத்த பிறகுதான் பாய்லர் தகட்டின் மூட்டு பிரிந்தது. ஒருவரும் குறையவில்லை. என் கையில் கொஞ்சம் வெந்திருக்கிறது, தம்பி எழுத நான் சொல்கிறேன்.

எங்கள் முனை முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. இந்த மழையில் பெருங்குழியில் ஆறு ஆள் உயரம் ஏறி நிற்கிறது. கடைசியாக அளந்தபோது நமக்கு நடுவில் நாற்பது கஜம் கல் இருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. என் மகளின் கோடு சரியென்றால் நீங்கள் நேரே அந்தத் தண்ணீர் மேல் வந்துகொண்டிருக்கிறீர்கள். ஒரு வெடி கூடுதலாக வைத்தால் அத்தனையும் உங்கள் ஆட்கள் மேல். அவள் புருஷன் மேல். ஒரு நிமிஷம், அவள் தப்பாகப் போட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இல்லை, அவள் சரியாகத்தான் போட்டிருப்பாள்.

புதுப் பாய்லர் கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. எங்கள் பக்கம் இனி செய்ய ஒன்றும் இல்லை. மலைமுனை ஆட்கள் இஞ்சின் வீட்டைச் சுற்றிச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

கணவாய்ப் பாதை சரிந்துவிட்டது. கழுதைக்காரர் கழுதைகளை என் கொட்டகையில் கட்டிவிட்டு, இதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தே புறப்படுகிறார். அவர் வந்து சேர்ந்தால் முதலில் அவருக்குச் சாப்பாடு போடுங்கள்.

சம்பந்தி


ஜூலை 21
இஞ்சின் வீடு

சம்பந்திக்கு,

இந்தக் கடிதம் போய்ச் சேருமா, சேருவதற்குள் உங்கள் கடிதம் வருமா, தெரியவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று காலை வழக்கம் போலக் குழியை எட்டிப் பார்த்தேன். சுவரில் நேற்றைய ஈரக்கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. மழை நின்றதால் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மழை நிற்கவில்லை, என் தலையிலேயே பெய்துகொண்டிருந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி விட்டார். மறுபடி விட்டார். கயிறு நீண்டுகொண்டே போனது.

இஞ்சின் செத்துக் கிடக்கிறது. நாங்கள் யாரும் எதையும் தொடவில்லை. தண்ணீர் தானாக இறங்குகிறது.

வீட்டுக்கு வீடு ஆள் வந்துவிட்டார்கள். குழியைச் சுற்றி நின்று எல்லோரும் சுவரையே பார்க்கிறோம். உலைக்காரர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். எங்கள் மேஸ்திரி, முரடர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மக எங்கள வந்து தொட்டுட்டாம்மா" என்றார். வெந்த கை. வலித்தது, சொல்லவில்லை.

எல்லோரும் உயிரோடு இருக்கிறீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

சம்பந்தி


ஜூலை 22
ஆற்றுமுனை

சம்பந்தியம்மாவுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். ஓர் ஆள் கூடுதலாகவே இருக்கிறோம். அதற்கு வருகிறேன்.

கழுதைக்காரர் முழங்கால் வரை சேறோடு வந்து நின்றார். கடிதத்தைப் படித்து வெடியை நிறுத்தினேன். அவருக்குச் சாப்பாடு போட்டேன். தண்ணீர் சுவருக்குப் பின்னால் நிற்கிறது என்று தெரிந்ததும் ஆட்களில் பாதிப் பேர் வெளியே போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். வெடி இல்லாமல், நீளமான துளைகளை மட்டும் போட்டுக்கொண்டே போய், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுக விட வேண்டும். நடுவில் கனமான கல் நிற்கட்டும். கொல்லன் கம்பியோடு கம்பி சேர்த்து நீள உளி அடித்துக் கொடுத்தான். என் மகன் தச்சன் அல்லவா, துளையை அடைக்க வைரம் பாய்ந்த மரத்தில் முளைகள் சீவினான். ஆனால் எந்த இடத்தில் தண்ணீர் பாயும் என்று தெரியாமல் யார் உளியைப் பிடிப்பது?

மருமகள் நிறைமாத வயிற்றோடு முக்காலியைத் தூக்கி வரச் சொல்லி, சுரங்க வாசலில் வந்து உட்கார்ந்தாள். கரையில் இருந்தவர்களைக் கூப்பிட்டாள். "இந்தச் சுவர்ல இருந்து பதினோரு கஜம். அது வரைக்கும் ஒரு சொட்டு வராது. பத்து போன பிறகு முளைய கையில வச்சுக்கிட்டு அடிங்க" என்றாள்.

"வேற இடத்துல வந்துட்டா?" என்று மூத்த ஆள் கேட்டார்.

"உள்ள உளியப் பிடிக்கிறது என் புருஷன் அண்ணே. எனக்கு மட்டும் விளையாட்டா?"

எழுந்து வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, எல்லோரும்.

ஒன்பது நாள் துளைத்தோம். பத்துக் கஜம் வரை புழுதிதான். பத்தரைக்கு மேலே உளி நுனி ஈரமாக வந்தது. இன்னும் நாலு அடி அடித்ததும், சம்பந்தியம்மா, அந்தக் கம்பியை ஏதோ ஒரு கை பிடுங்கி எறிந்தது போல வெளியே தள்ளிவிட்டு, என் தொடை கனத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. எதிர்ச் சுவரில் போய் அடித்தது. நாங்கள் விழுந்து எழுந்து முளையை அடித்து இறுக்கினோம். கல் அசையவில்லை. பிறகு பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று. எல்லா முளைகளையும் திறந்துவிட்டு வெளியே ஓடி வந்தோம். உங்கள் தண்ணீர் எங்கள் பின்னாலேயே வந்து, வாசலைத் தாண்டி, ஆற்றில் விழுந்தது. மழையில் எல்லோரும் நின்று ஆடினோம். நானும் ஆடினேன். மகன் இதை உங்களிடம் சொல்வான், அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் அவளுக்கு வலி எடுத்தது. பெண் குழந்தை. தாயும் குழந்தையும் நலம், முழுதாக எழுதுகிறேன்: நல்ல எடை, நல்ல குரல், கை விரல்களை இறுக்கி மூடிக்கொண்டு யார் பிரித்தாலும் பிரிக்க விடுவதில்லை. அண்ணி வந்து மடியில் வைத்துக்கொண்டு இறக்கவே மாட்டேன் என்கிறாள்.

தண்ணீர் வடிந்ததும் மீதிக் கல்லை வெடித்துத் திறந்துவிடுவோம். கணவாய் சரியாக மாதக்கணக்கு ஆகும். நீங்கள் அது வரை காத்திருக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். வழியில் விளக்கு வைக்கச் சொல்கிறேன்.

சம்பந்தி


செப்டம்பர் 12
இஞ்சின் வீடு

சம்பந்திக்கு,

பேத்தியைப் பார்த்துவிட்டுச் சுரங்கம் வழியே வீடு வந்து சேர்ந்துவிட்டேன். போகும்போது முழங்கால் தண்ணீர், வரும்போது கணுக்கால். இரண்டு முனையும் சேர்ந்த இடத்தில் மறுபடி நின்று கையால் தடவிப் பார்த்தேன். கூரையில் ஒரு சாண் உயர வித்தியாசம். பக்கவாட்டில் அதுவும் இல்லை. நாம் இரண்டு பேரும் இடது இடது என்று குதித்ததை நினைத்து, அந்த இருட்டில் நான் தனியாகச் சிரித்தேன்.

குழந்தையைக் குளிப்பாட்டிய கை இன்னும் மணக்கிறது. அதைப் பற்றி எழுதினால் வேறு எதுவும் எழுத முடியாது.

முதலாளி வந்தார். கம்பெனி இப்போது வேறு குரலில் பேசுகிறது. தண்ணீரை மலை உச்சிக்கு ஏற்ற வேண்டாம், வடிகால் வரை ஏற்றினால் போதும் என்றானதால், ஒட்டுப்போட்ட பழைய பாய்லரே மூழ்கிய அறைகளை இறைத்துவிட்டது. முதலாளியோடு நானும் மேஸ்திரியும் இறங்கினோம். என் மாமனார் கடைசியாக நின்ற அறை. விளக்கைத் தூக்கிப் பிடித்ததும் சுவர் முழுக்க ஈயக்கல், கட்டம் கட்டமாக, உடைத்த இடமெல்லாம் பளபளவென்று. இத்தனை வருஷம் தண்ணீருக்கடியில் கிடந்தும் மங்கவில்லை. வெள்ளியும் நிறைய இருக்கிறதாம். முதலாளி ஒரு துண்டை உடைத்துக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, மலைமுனைக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டார்.

நாம் பேசி வைத்ததைத்தான் சொன்னேன். உலை ஊருக்கு நடுவில் இருக்கக் கூடாது. காற்று ஊர்ப் பக்கம் வீசாத மேட்டுக்கு அப்பால் போக வேண்டும். யோசிப்போம் என்றார். "நாலு முதலாளி பாத்த ஊருங்க இது. தண்ணியவே தள்ளிட்டோம், உலையத் தள்ள மாட்டோமா?" என்று மேஸ்திரி கேட்டார். பின்னால் நின்ற ஆட்கள் ஒருவரும் வழி விடவில்லை, முதலாளி மேலே ஏற வேண்டுமென்றால் அவர்களைத் தாண்டித்தான் ஏற வேண்டும். அங்கேயே ஒத்துக்கொண்டார். மேலே வந்ததும் எழுதி வாங்கிவிட்டேன்.

உங்கள் பக்கத்து விஷயத்தை விட்டுவிடாதீர்கள். எங்கள் தண்ணீர் இப்போது உங்கள் ஆற்றில் விழுகிறது. தெளிகுளம் வெட்டி, அழுக்கு அடியில் தங்கிய பிறகுதான் ஆற்றுக்குப் போக வேண்டும். அது வரை யாரும் சுரங்க வாசலுக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது. நீங்கள் எனக்குச் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். வாசலில் வைத்து அல்ல.

சம்பந்தி


டிசம்பர் 3
ஆற்றுமுனை

சம்பந்தியம்மாவுக்கு,

தெளிகுளம் மூன்றில் இரண்டு முடிந்தது. மூன்றாவதற்கு மருமகள் கோடு போட்டுவிட்டாள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு போட்டாள், நான் குறியீட்டுக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பு சாய்ந்திருக்கிறது என்று இரண்டு முறை திட்டு வாங்கினேன். கம்பெனி அவளை இரண்டு முனைக்கும் சேர்த்து சர்வேயராகப் போட்டிருக்கிறது. இனிமேல் என்ன குடைந்தாலும் அவள் கையெழுத்து வேண்டும். உங்கள் மேஸ்திரியிடம் சொல்லி வையுங்கள்.

உங்கள் ஊர் உலை அணைந்துவிட்டது என்று கழுதைக்காரர் வந்து சொன்னார். நம்பவில்லை. கணவாய் வரை ஏறிப் போய் நானே பார்த்தேன். புகைபோக்கி சும்மா நின்றது. அதற்குப் பின்னால் உங்கள் ஊர் முழுக்கத் தெரிந்தது. இத்தனை வீடுகள் என்று எனக்குத் தெரியாது. இஞ்சின் வீட்டுச் சிவப்புக் கூரையும் தெரிந்தது. இறங்கி வந்து நேரே அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அவள் உள்ளே போய்த் தன் மூட்டையைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஆகவே நான்கு பேர் வருகிறோம். மருமகள், குழந்தை, அண்ணி, நான். மகன் குளம் முடிந்ததும் வருவான். உங்கள் வீட்டில் இடம் போதுமா என்று கேட்கவில்லை, போதும். பிரசவத்துக்கு அனுப்பாத மகளை இப்போதாவது கொண்டுவந்து விடுகிறேன். வேண்டுமானால் ஊர் நடுவில் என்னை நிறுத்தி, நாலு பேர் காது கேட்க நாலு வார்த்தை சொல்லிக்கொள்ளுங்கள். பதில் பேச மாட்டேன். குழந்தைக்கு விவரம் தெரியும் வரை அங்கேயே இருக்கட்டும் என்று நீங்கள் சொன்னால் மட்டும் பேசுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்படுகிறோம். பாதை சரியாகிவிட்டது, மலை மேல் வழியாகவே வருகிறோம். குழந்தை வெயிலில் வரட்டும்.

இப்படிக்கு,
சம்பந்தி